சாரலில் அடித்த பாலிஷ்

சார், ஒரு விடுகதை போடுகிறேன், பதில் சொல்லுங்கள். பூச்சி துப்பும், சாராயம் கரைக்கும், துணி தடவும், மரம் மினுங்கும். அது என்ன?

யோசியுங்கள். அவசரமே இல்லை. இந்தச் சாரலில் டின்னை பைக்கில் மாட்டிக்கொண்டு நீங்கள் எங்கேயும் போக முடியாது. தென்காசியில் ஆனி மாதம் ஒரு ஆள் கடைக்குள் ஏறிவிட்டால், அரை மணி நேரத்துக்கு அவர் எனக்குச் சொந்தம். அந்த ஸ்டூலில் உட்காருங்கள்.

தெரியவில்லையா? அரக்கு சார், அரக்கு. மரக்கிளையில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு பூச்சி கசியவிடுகிற பிசின். காய்ச்சித் தட்டையாக்கி உடைத்தால் அப்பளத் துண்டு மாதிரி இருக்கும். ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுத் துணியில் தொட்டு மரத்தில் தேய்த்தால் அதுதான் ஸ்பிரிட் பாலிஷ். இந்த விடுகதையை நானே கட்டினேன். ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி வீட்டில் இருந்தாள், அவளுக்காக. அவளுக்கும் பதில் தெரியவில்லை. "தேன்" என்றாள். தேனைச் சாராயத்தில் எவனாவது கரைப்பானா என்று கேட்டேன். பூச்சி துப்புகிறது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற மூன்றையும் விட்டுவிட்டாயே என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். அதற்குப் பிறகு நான் எந்த விடுகதை போட்டாலும், "நீங்களே சொல்லிருங்க மாமா" என்பாள். கெட்டிக்காரப் பிள்ளை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகிவிட்டாள்.

நீங்கள் கேட்டது பிள்ளை படிக்கிற மேசைக்கு எந்தப் பாலிஷ் அடிக்கலாம் என்று. மற்ற கடையில் ஒரே வார்த்தையில் டின்னை எடுத்து நீட்டியிருப்பான். இருபத்தாறு வருஷமாக இந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு ஒரே வார்த்தையில் வராது. நானும் போன வருஷம் ஒரு மேசைக்குத்தான் பாலிஷ் அடித்தேன். அதைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் என் மனைவி காந்திமதிக்கும் பிள்ளை கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில் நிறுத்திக் கேட்பீர்கள், எனக்கு அது பிடிக்காது.

என் தங்கை சிவகாமி மஸ்கட்டில் நர்ஸ். அவள் வீட்டுக்காரர் பால்வண்ணனுக்கும் அங்கேயே டிரைவர் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸில் பிள்ளையை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். அவர்கள் ஊரோடு திரும்ப இன்னும் நாலைந்து வருஷம் ஆகும். அதுவரைக்கும் பிள்ளை செண்பகாவை யார் வைத்துக்கொள்வது? தாய்மாமன் நான் இருக்கிறேன். இதில் கேள்வியே இல்லை என்று நினைத்தேன். ஆனால் பால்வண்ணனுக்கு ஒரு தங்கை உண்டு, உலகம்மை என்று. இலஞ்சியில் இருக்கிறாள், புருஷன் இல்லை, ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறாள். அவளும் "பிள்ளைய எங்கிட்ட விடுங்க" என்று நின்றாள்.

பால்வண்ணன் ஒரு தீர்ப்புச் சொன்னார். "ஒரு வருஷம் மச்சான் வீட்டுல இருக்கட்டும். அடுத்த மே மாசம் நாங்க லீவுல வாரப்போ பிள்ளையையே கேப்போம். எங்க இருக்கேன்னு சொல்லுதாளோ அங்க இருக்கட்டும்."

ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கேட்டு முடிவு பண்ணுகிற காரியமா சார் இது? ஆனாலும் ஒத்துக்கொண்டேன். எனக்குப் பயமில்லை. என் வீட்டில் நாலு அறை. பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம். உலகம்மை வீட்டில் ஒரே ஒரு பெரிய அறை, அதில் பாதி தையல் மிஷின், மீதி துணிக்குவியல். பிள்ளைக்குக் கண் இருக்கிறது, பார்த்துச் சொல்லட்டுமே என்றிருந்தேன். காந்திமதி அன்றைக்கே மாடியறையை ஒழித்துப் பிள்ளைக்குக் கட்டில் போட்டாள். பிறகு, மாடியில் தனியாகப் படுக்கப் பயப்படுவாள் என்று கீழே, நடுக்கூடத்துக்குப் பக்கத்து அறைக்குக் கட்டிலை இறக்கினாள். ஏற்றி இறக்கியது நான்தான்.

பிள்ளை வீட்டுக்கு வருகிறாள், தாய்மாமன் சீர் என்று ஒன்று வேண்டாமா? காதுகுத்துக்குக் கம்மல் போட்டாயிற்று. கம்மலை எவனும் போடுவான். நான் மேசை செய்தேன். செங்கோட்டை ஆசாரியிடம் சொல்லி, முழுத் தேக்கில், ஒரு ஆணி இல்லாமல், மூன்று இழுப்பறை வைத்து. செண்பகாவை ஆசாரி முன்னால் நாற்காலியில் உட்காரவைத்து முழங்கை உயரத்துக்கு அளவெடுத்தோம். மேல்பலகை ஒரே பலகை, ஒட்டுப்போட்டது இல்லை. ரேகை ஆற்று மணல் மாதிரி ஓடும். அதை மேலே எதுவும் பூசாமல் அப்படியே விடலாமா? விட்டால் எண்ணெய்க்கை படும், மை கொட்டும், ஆறு மாதத்தில் சாப்பாட்டுக்கடைப் பலகை மாதிரி ஆகிவிடும். ஆக, எதைப் பூசுவது?

நான் இதை எப்படி முடிவு செய்தேன் தெரியுமா? ஆசாரியிடம் மிச்சத் தேக்கில் ஆறு சில்லு வாங்கினேன், உள்ளங்கை அகலம். ஒன்றுக்குத் தேன்மெழுகு. ஒன்றுக்கு ஆளிவிதை எண்ணெய். ஒன்றுக்கு ஸ்பிரிட் பாலிஷ். ஒன்றுக்கு வார்னிஷ். ஒன்றுக்கு மெலமைன். கடைசியாக ஒன்றுக்கு பி.யு., அதாவது பாலியூரித்தேன், காய்ந்தால் பிளாஸ்டிக் தோல் மாதிரி மூடிக்கொள்கிற பூச்சு. எல்லாம் காய்ந்த பிறகு ஒவ்வொன்றின்மேலும் சூடான காப்பி டம்ளரை வைத்தேன், ஈரத்துணி போட்டேன், மைச்சொட்டு விட்டேன், நகத்தால் கீறினேன். மெழுகில் தண்ணீர் பட்ட இடம் தேமல் மாதிரி ஆனது. எண்ணெய்ச் சில்லு மையைக் குடித்துவிட்டது. ஸ்பிரிட் பாலிஷில் டம்ளர் வைத்த இடத்தில் வெள்ளை வட்டம். வார்னிஷ் மஞ்சளடித்தது. மெலமைன் தாக்குப்பிடித்தது, ஆனால் நகக்கீறல் தெரிந்தது. பி.யு. மட்டும் எதற்கும் அசையவில்லை. துடைத்தால் கண்ணாடி. எழுதி வைத்திருக்கிறேன், பார்க்கிறீர்களா? சரி, வேண்டாம்.

பிள்ளையைக் கேட்காமல் செய்தேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. ஆறு சில்லையும் அவள் முன்னால் வரிசையாக வைத்தேன். "உன் மேசை, நீயே எடு" என்றேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவினாள், மூக்கில் வைத்து மோந்தாள். கடைசியில் எண்ணெய்ச் சில்லை எடுத்தாள்.

"ஏன் இது?"

"இதுதான் மாமா மரம் மாதிரி இருக்கு."

"அப்போ பி.யு.?"

"அது சாப்பிடுத தட்டு மாதிரி இருக்கு."

காந்திமதி அடுக்களையிலிருந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. மை குடிக்கிற சில்லைப் போய் எடுக்கிறாளே! அவளுக்கு மைக்கறையைக் காட்டினேன். "மை பேனா எனக்குக் கிடையாது மாமா, பென்சில்தான்" என்றாள். இன்னும் இரண்டு வருஷத்தில் பேனா வரும் தாயி என்றேன். எடுக்கச் சொன்னது அவளுக்கு ஒரு ஆர்வம் வரட்டும் என்று. முடிவு, விவரம் தெரிந்தவன்தானே எடுக்க வேண்டும்? பி.யு. என்று முடிவு செய்தேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும், சார். பி.யு.வை மழைக்காலத்தில் அடிக்கக் கூடாது. அது எனக்குத் தெரியும். வாங்க வருகிற எல்லாருக்கும் நான்தான் சொல்கிறேன். பாலிஷ்காரர் மைதீனும் சொன்னார். "முதலாளி, காத்துல ஈரம் கைய நனைக்கி. சாரல் நிக்கட்டும். ஆவணியில அடிச்சுத் தாரேன்." ஆவணி வரைக்கும் பிள்ளை எதில் எழுதுவாள்? பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. ஒரு வருஷம்தான் எனக்குத் தவணை, அதில் மூன்று மாதம் மேசையில்லாமல் போனால்? நடுக்கூடத்தில் வைத்து, ஜன்னல், கதவு எல்லாம் சாத்தி, ஈரக்காற்று வராமல் அடிக்கலாம் என்றேன். மைதீன் பிள்ளை படுக்கிற அறையைப் பார்த்தார். அதற்குக் கதவு கிடையாது, திரைதான். "வாசம் அடிக்குமே முதலாளி" என்றார். நான் வருஷக்கணக்காக வாசத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு என்ன வந்துவிட்டது? அடியுங்கள் என்றேன்.

முதல் கோட் வெளுத்தது. பால் கொட்டியது மாதிரி மேசை முழுக்க ஒரு வெள்ளைப் படலம். உப்புத்தாள் போட்டுச் சுரண்டி இரண்டாவது அடித்தோம். பொட்டுப் பொட்டாகக் கொப்பளம். மறுபடி சுரண்டல். மூன்றாவது தடவை தூசி விழுந்தது, அதனால் ஜன்னல் இடுக்கெல்லாம் பழைய துணி சொருகினேன். நாலாவது தடவை, பூச்சை இறுக வைக்கிற ஹார்டனரை நானே அளந்து கலந்தேன். மைதீன் முகத்தில் துணி கட்டிக்கொண்டு அடிப்பார், முடித்ததும் வாசலுக்கு ஓடிப்போய் நின்று கொள்வார். ஆனி, ஆடி இரண்டு மாதமும் இதே வேலை. செண்பகா அடுக்களையில் அரிசிப் பானைமேல் நோட்டு வைத்து எழுதினாள். கொஞ்ச நாள்தானே!

ஆடிப் பிறப்புக்கு முன்னால் இருமல் ஆரம்பித்தது. சாரலில் எந்தப் பிள்ளைக்கு இருமல் இல்லை? அப்புறம் மூச்சு இழுத்தது. பூனைக்குட்டி மாதிரி நெஞ்சில் ஒரு சத்தம். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம், நானும் காந்திமதியும். டாக்டர் நல்ல மனுஷர், நிதானமாகக் கேட்டார். வீட்டில் நாய், பூனை உண்டா? இல்லை. பழைய பஞ்சு மெத்தை? இல்லை. யாராவது சிகரெட்? கிடையாது. "வீட்ல பெயின்ட் வேலை ஏதும் நடக்குதா?"

இல்லை என்றேன்.

பொய் இல்லை சார். பெயின்ட் என்றால் மரத்தை மூடுவது. பாலிஷ் என்றால் மரத்தைக் காட்டுவது. பெயின்ட் கடைக்காரனிடம் போய்ப் பெயின்ட் வேலை நடக்கிறதா என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? பாலிஷ் என்று கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். காந்திமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். டாக்டர் உறிஞ்சுகிற மருந்து எழுதிக்கொடுத்தார். ஆட்டோவில் வரும்போது பிள்ளை, "மாமா, மேசை வேலை எப்போ முடியும்?" என்று கேட்டாள். எவ்வளவு ஆசை பாருங்கள், மேசைமேல்.

நாலு நாள் கழித்து நான் கடையிலிருந்து சாப்பாட்டுக்குப் போனால் வீட்டில் பிள்ளை இல்லை. காந்திமதி சோற்றைப் போட்டாள். "டாக்டர்ட்ட போயிருந்தேன். பாலிஷுன்னு சொன்னேன். வாசம் முழுசா போற வரைக்கும் பிள்ள அந்த வீட்டுல இருக்கக் கூடாதுன்னுட்டாரு. இலஞ்சியில விட்டுட்டு வந்தேன்."

"எங்கிட்டச் சொல்லணும்னு தோணலியா?"

"சொன்னா என்ன சொல்லுவீக? பெயின்ட் வேற, பாலிஷ் வேறம்பீக. சோறு ஆறுது, சாப்பிடுங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாமல் அவள் தெருமுனைக் கோவிலுக்குக்கூடப் போனதில்லை. என் முதுகுக்குப் பின்னால் டாக்டரிடம் போனாள், என் முதுகுக்குப் பின்னால் பிள்ளையை அந்த வீட்டில் கொண்டுபோய் விட்டாள். யாரிடம் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டு வாரத்தில் வாசம் போய்விடும் என்று நினைத்தேன், ஏழெட்டு வாரமானது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். உலகம்மை துணி வெட்டுகிற பலகை ஒன்று வைத்திருக்கிறாள். வாகைப்பலகை, நாலு கால். அதில் எதுவுமே அடித்ததில்லை. சாக்குக்கட்டிக் கோடு, கத்தரி பட்ட வெட்டு, டீ டம்ளர் வட்டம், இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு. அந்தப் பலகையின் ஒரு மூலையில் செண்பகா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், சார். பலகைக்கு மேலேயே. நோட்டை மடியில் வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒரு கிண்ணம் பொரி. தன் பேரைக் காம்பஸால் பலகையில் செதுக்கியிருந்தாள். உலகம்மை அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள்!

"வாங்க அத்தான்" என்றாள் உலகம்மை. "மேசைக்கு இப்போ எப்படி இருக்கு? எந்திரிச்சு உக்காருதா?"

நக்கல். நான் பொறுத்துக்கொண்டேன். பொறுத்துக்கொண்டதோடு இல்லை, பையிலிருந்து ஒரு சின்ன டின் எடுத்து வைத்தேன். சும்மாதான் கொடுத்தேன். "மைதீன அனுப்புதேன், இந்தப் பலகைக்கு ரெண்டு கோட் அடிக்கட்டும். எத்தன நாளைக்கு இப்படியே கெடக்கும்?"

அவள் டின்னைத் திருப்பிப் பார்த்தாள். "எதுக்கு அத்தான் அடிக்கது?"

"மரத்துக்கு ஒண்ணும் ஆகாம இருக்கும்."

"மரத்துக்கு ஒண்ணும் ஆகல அத்தான், அது பாட்டுக்கு நல்லாருக்கு" என்று டின்னை என் பைக்குள்ளேயே வைத்துவிட்டாள். "பிள்ளைக்குத்தான் இப்போ கொஞ்சம் தேவல. ராத்திரி மருந்து உறிஞ்சாமத் தூங்குதா."

நன்மைக்குச் சொன்னால் இப்படி. தையற்காரிக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும்?

ஆவணி முடிந்து புரட்டாசி வெயிலில் மேசை முடிந்தது. ஏழாவது தடவை. சார், நீங்கள் பார்க்கவேண்டும். குனிந்தால் உங்கள் முகம் தெரியும். முகத்துக்குக் கீழே தேக்கு ரேகை தெரியும். மைதீனே, "இனி இது நூறு வருஷம் நிக்கும்" என்றார். செண்பகாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "தொடலாமா மாமா?" என்று கேட்டாள். தொடு என்றேன். ஒரு விரலால் தொட்டாள், விரல்ரேகை விழுந்தது, உடனே பாவாடையால் துடைத்தாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகத் துடைத்தாள்.

விதி என்று நான் பெரிதாக ஒன்றும் வைக்கவில்லை. தண்ணீர் பாட்டில் மேசையில் வைக்கக் கூடாது. தின்பண்டம் கூடாது. சூடாக எதுவும் கூடாது. மேலே ஒரு பிளாஸ்டிக் தாள் போட்டேன், பிளாஸ்டிக் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதற்கடியில் ஒரு துணி. தினமும் எழுதி முடித்ததும் காய்ந்த துணியால் துடைக்கவேண்டும், ஒரே திசையில். அவ்வளவுதான். பி.யு.வுக்குத் தண்ணீர் ஒன்றும் செய்யாது என்று நான் முன்னால் சொன்னதை நீங்கள் யோசிக்கிறீர்கள். செய்யாதுதான். அதற்காக ஊற்றிப் பார்க்க வேண்டுமா?

ஒருநாள் சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்குப் போனேன். பிள்ளை நடுக்கூடத்தில் தரையில் குப்புறப்படுத்து எழுதிக்கொண்டிருந்தாள். மேசை பக்கத்தில் நிற்கிறது, விளக்கு எரிகிறது, இவள் தரையில்.

"மேசை எதுக்குத் தாயி இருக்கு?"

"அழுக்காயிரும் மாமா."

கேட்டீர்களா? ஒன்பது வயதில் அந்தப் பொறுப்பு எத்தனை பிள்ளைக்கு வரும்? காந்திமதியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள், "ஆமா, ரொம்பப் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவளுக்கு இப்போதெல்லாம் எதற்கும் அரைப்பதில்தான்.

பங்குனியில் அந்தக் காம்பஸ் விவகாரம். செண்பகா கணக்குக்கு வட்டம் வரைந்திருக்கிறாள். காம்பஸ் முள் நோட்டைத் தாண்டி, பிளாஸ்டிக்கைத் தாண்டி, துணியைத் தாண்டி மேசையில் இறங்கிவிட்டது. ஒரு ஓட்டை. கடுகுகூட இல்லை, கசகசா. நான் திட்டவே இல்லை. ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, காந்திமதியைக் கேட்டுப் பாருங்கள். கடையிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுபோய், பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து, அந்த ஓட்டையைக் காட்டினேன். இதன் வழியாக ஈரம் எப்படி இறங்கும், இறங்கினால் பி.யு. எப்படி உரியும், ஒரு ஓட்டை எப்படி ஒரு பலகையைத் தின்னும், எல்லாம் பொறுமையாக விளக்கினேன். ஒரு மணி நேரம் விளக்கினேன். அவள் அழுதாள். ஏன் அழுகிறாய், மாமா திட்டினேனா என்று கேட்டேன். இல்லை என்று அவளே தலையாட்டினாள்.

மே மாதம் சிவகாமியும் பால்வண்ணனும் வருகிறார்கள். சீர் கொடுத்த மேசையில் ஓட்டையோடு அவர்களை வரவேற்க முடியுமா? வருவதற்குப் பத்து நாள் முன்னால் மைதீனைக் கூப்பிட்டேன். ஓட்டையை மட்டும் அடைத்தால் திட்டாகத் தெரியும், அதனால் மேல்பலகை முழுக்கச் சுரண்டி இரண்டு கோட். சித்திரை வெயில், ஈரப் பயம் இல்லை. ஆனால் தூசி. ஜன்னலைச் சாத்தினேன்.

அன்று காலையில் செண்பகா கடைக்கே வந்தாள். தனியாக, பள்ளிக்கூட லீவு. இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் நின்றாள்.

"மாமா, நான் கொஞ்ச நாள் அத்தை வீட்டுக்குப் போகட்டா?"

"எதுக்கு?"

"சும்மா."

"சும்மா எதுக்குப் போகணும்? அப்பா, அம்மா வாராங்க. வாரப்போ நீ நம்ம வீட்டுலல்ல இருக்கணும்?"

"வாசம் போனதும் வந்திருதேன் மாமா."

"ஆறு மணி நேரத்துல காஞ்சிரும் தாயி. டின்னுலயே போட்டிருக்கு, பாரு." டின்னை எடுத்து அவளையே வாசிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டி வாசித்தாள். ஆறு மணி நேரம் என்றுதான் போட்டிருந்தது. "சரி மாமா" என்று போய்விட்டாள். இலஞ்சியில் அந்த நேரம் பிள்ளை இருந்தால், வந்து இறங்குகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? வருஷம் முழுக்க வளர்த்தவன் நான், கடைசிப் பத்து நாளில் பேர் அவளுக்கா?

மறுநாள் மத்தியானம் மூச்சு இழுத்தது. உறிஞ்சுகிற மருந்துக்குக் கேட்கவில்லை. உதடு கொஞ்சம் நிறம் மாறிவிட்டது என்று காந்திமதி சொல்கிறாள், நான் பார்க்கும்போது அப்படித் தெரியவில்லை. பெரியாஸ்பத்திரியில் முகமூடி மாதிரி ஒன்றை மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். உலகம்மை ஓடி வந்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பிள்ளையின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். காந்திமதியும் அவளும் கூடிக்கூடிப் பேசினார்கள். நான் போனால் நிறுத்திவிடுவார்கள்.

நாங்கள் வீட்டுக்கு வரும்போது மேசை காய்ந்திருந்தது. ஓட்டை இருந்த இடம் எது என்று எனக்கே தெரியவில்லை.

போன மாதம் வந்தார்கள். சிவகாமி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நின்றுவிட்டாள். "என்னண்ணே வாசம் இது?" பி.யு. என்றேன். உள்ளே வா, மேசையைப் பார் என்றேன். அவள் மேசையைப் பார்க்கவில்லை. நர்ஸ் இல்லையா, நேராகப் பிள்ளையிடம் போய் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் ரொம்ப நேரம் நின்றாள். பால்வண்ணன்தான் மரியாதைக்கு மேசையைத் தட்டிப் பார்த்து, "நல்ல வேலை மச்சான்" என்றார். உலகம்மையும் வந்திருந்தாள். கையை வீசிக்கொண்டு வந்தாள், ஒரு முழம் பூகூட வாங்கி வரவில்லை.

சாப்பாடு முடிந்து எல்லாரும் நடுக்கூடத்தில் உட்கார்ந்தோம். பால்வண்ணன் பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு, எங்கே இருக்கிறாய் என்று கேட்கப் போனார். ஒரு நிமிஷம் என்றேன். கேட்பதற்கு முன்னால் பிள்ளைக்கு எல்லாம் தெரியவேண்டும் இல்லையா? அதனால் நான் எடுத்துச் சொன்னேன். இந்த வீட்டில் உனக்கென்று தனி அறை. பள்ளிக்கூடம் அஞ்சு நிமிஷம். இலஞ்சியிலிருந்து என்றால் பஸ். இந்த மேசை உன் மேசை, மாமா உனக்காக ஒன்பது தடவை பாலிஷ் அடித்த மேசை, தென்காசியில் எந்தப் பிள்ளைக்கும் இப்படி ஒன்று கிடையாது. மாமிக்கும் மாமாவுக்கும் உன்னைவிட்டால் யாரும் இல்லை. அதையும் சொன்னேன், சார். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. காந்திமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

பால்வண்ணன் உலகம்மையைப் பார்த்தார். நீயும் சொல்லு என்று அவர் சொன்னதற்கு, "அவளுக்குத் தெரியும்ணே" என்றாள்.

நான் பிள்ளையிடம் சொன்னேன். "அவசரப்படாத தாயி. ராத்திரி நல்லா யோசி. நாளைக்குச் சொன்னாப் போதும்."

அவள் அப்போதே சொன்னாள். அத்தை வீடு.